முத்திரையைக் கடைசியில் பாருங்கள்: பழைய பிரெஞ்சு மரச்சாமானைச் செய்தவர் யார்?

18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் செய்த கொமோட் ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (கழிவறையை நினைக்காதீர்கள், இது இழுப்பறைகள் வைத்த தாழ்வான அலமாரி.) எல்லோரும் முதலில் தச்சரின் பெயர் குத்திய முத்திரையைத்தான் தேடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். பெயரைப் பார்த்துவிட்டால் அப்புறம் கண் வேறு எதையும் பார்க்காது.

படி 1: எந்த வகைத் தச்சர்?

பாரிஸில் ஒரே தச்சர் சங்கத்துக்குள் இரண்டு தொழில்கள் இருந்தன. மெனுயிசியே முழு மரத்தில் நாற்காலி, கட்டில் செய்பவர். எபெனிஸ்த், வினியர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி அலமாரி, மேசை செய்பவர். நாற்காலிக்குப் பேர்போன ஜோர்ஜ் ஜாகோபின் பெயர் வினியர் கொமோடில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

படி 2: உள்ளே பாருங்கள்

இழுப்பறையை வெளியே எடுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். கை இழைப்புளி ஓடிய மரத்தில் லேசான மேடுபள்ளம் தெரியும். வில் போல வளைந்த ரம்பக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. அந்தப் பலகை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தையது. வினியர் பெயர்ந்த ஓரத்தையும் பாருங்கள்: கையால் அறுத்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும், இயந்திரத்தில் சீவியது காகிதம் மாதிரி இருக்கும்.

வெண்கல அலங்காரத்தில் கிரீடம் சூடிய ‘சி’ எழுத்து இருக்கிறதா? 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைகளுக்கு வரி கட்டிய அடையாளம் அது. ஆனால் அது வெண்கலத்துக்குத்தான் சாட்சி, மரத்துக்கு அல்ல. அலங்காரத்துக்கு அடியில் வேறு திருகு ஓட்டைகள் இருந்தால் அது இடம் மாறி வந்திருக்கலாம்.

படி 3: இப்போது முத்திரை

கொமோடின் மேலே இருக்கும் பளிங்குப் பலகையை இரண்டு பேராகத் தூக்குங்கள், தனியாக வேண்டாம். முன்பக்கக் கால்கட்டைகளின் தலையில் தேடுங்கள். நாற்காலி என்றால் இருக்கைச் சட்டத்தின் அடியில். இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தது என்பதால் மரநார் நசுங்கியிருக்கும். பக்கத்தில் ‘ஜே.எம்.இ.’ இருந்தால் சங்கத்தின் சோதனையில் தேறியது என்று பொருள்.

சங்கத்தின் 1743 விதிகள் முத்திரையைக் கட்டாயமாக்கின. 1791இல் சங்கமே ஒழிக்கப்பட்டது. அரசருக்கு வேலை செய்தவர்களுக்கு விலக்கு இருந்ததால், முத்திரை இல்லாததை வைத்து மட்டம் என்று சொல்லிவிட முடியாது. இருப்பதும் முடிவான சான்று இல்லை. வெர்சாய் அரண்மனை வாங்கிய சில நாற்காலிகளே போலி என்ற விவகாரம் 2016இல் வெடித்தது.

படி 4: அந்தப் பெயர் யாருடையது?

பழுது பார்த்தவரும் முத்திரை குத்துவார், விற்ற வியாபாரியும் குத்துவார். எனக்குப் பிடித்த உதாரணம் ஓபென் என்ற பாரிஸ் எபெனிஸ்த். அவர் 1763இல் இறந்தார். மனைவி பட்டறையை மூடவில்லை. அங்கே வேலை பார்த்த ரீசெனெர் அதை நடத்தி, பிறகு அந்த மனைவியையே மணந்து, 1768இல் சங்கத்தில் மாஸ்டர் (சொந்தப் பெயரில் தொழில் செய்யும் தகுதி பெற்றவர்) ஆனார். அதுவரை வெளியே போன சாமான்களில் ஓபென் பெயர்தான். ஆக, ஓபென் முத்திரைக்குப் பின்னால் ரீசெனெரின் கை இருக்கலாம்.

படி 5: சொல்லை அளந்து எழுதுங்கள்

விற்பனைக் குறிப்பில் எழுதும் சொல்லுக்கும் பிரான்சில் 1981 மார்ச் 3 தேதியிட்ட ஆணை வரம்பு வைத்திருக்கிறது. ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ என்று விற்றால், சாமான் அவர் காலத்தது என்பதற்கு விற்பவர் பொறுப்பு. அவர்தான் செய்திருப்பார் என்று நம்ப வலுவான காரணமும் வேண்டும். ‘இன்னார் பாணியில்’ என்று போட்டிருந்தால் செய்தவருக்கோ காலத்துக்கோ எந்த உத்தரவாதமும் கிடையாது.