டகோட்டாவில் கடைசி ஆளாக ஏறுங்கள்
இரண்டாம் உலகப்போர் காலத்து சி-47 டகோட்டா விமானத்தில் காசு கொடுத்து ஒரு சுற்று பறக்கப் போகிறீர்களா? வரிசையில் முண்டியடிக்காமல் கடைசியில் நின்று ஏறுங்கள், வால் பக்கத்து இருக்கை தானாகவே கிடைக்கும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிப்போன "தட்ஸ் ஆல், பிரதர்" என்ற சி-47 விமானம் இன்றும் அமெரிக்காவின் டெக்சாஸில் பயணிகளோடு பறக்கிறது, அதற்கும் இது பொருந்தும்.

காரணம் எளிது. கதவு இடதுபக்கம், வாலுக்குச் சற்று முன்னால் இருப்பதால் முதலில் ஏறுபவர்கள் நேராக முன்னே போய்விடுவார்கள், அங்கேதான் தலா 1,200 குதிரைசக்தி கொண்ட இரண்டு இன்ஜின்களின் இரைச்சல் காதைப் பிளக்கும். இறக்கை விமான உடலின் அடிப்பக்கத்தில் இருப்பதால் நடு ஜன்னல்களில் கீழே பார்த்தால் அலுமினியத் தகடுதான் தெரியும், பின்னால் போனால் வயலும் ஆறும் தெளிவாகத் தெரியும். சுவரோர பெஞ்சு இருக்கை என்றால் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும், பரவாயில்லை, அந்தக் காட்சிக்கு அது தகும். எங்கே உட்கார்ந்தாலும் சரி, காதுக்கு இயர்பிளக் கட்டாயம் வேண்டும்.

எடைச் சமநிலைக்காக ஊழியர்களே இருக்கை ஒதுக்கினால் இது செல்லாது, அவர்கள் சொல்கிற இடத்திலேயே உட்காருங்கள். இறக்கை மேலே இருக்கும் கரிபு மாதிரி விமானங்களில் எல்லா ஜன்னலிலும் தரை தெரியும். அப்புறம், இன்ஜின் புகை கக்கிக்கொண்டு உயிர்பெறுவதைப் பக்கத்தில் பார்க்கத்தான் ஆசை என்றால் முன்னால் போய் உட்காருங்கள்.