ஈயச்சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா? தராசும் தண்ணீரும் வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் பார்க்கப் போகிறவர்கள் ஈயச்சொம்பைக் கண்டால் விடமாட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணச் சீராக வந்து இரண்டாங்கட்டு அறையில் கிடந்த சொம்புகளும் அங்கே வருகின்றன, போன வருஷம் வார்த்து கொஞ்சம் கறுக்க வைத்த சொம்புகளும் வருகின்றன, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சொம்பு வெள்ளீயமாக (டின்) இருந்தால் ரசம் வைக்கலாம். விலை குறைந்த காரீயத்தை (லெட்) அதில் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் சேர்ந்து அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் அடுப்பில் ஏற்றும் முன் ஒரு முறை சோதியுங்கள். சொம்பில் ஒரு கீறல்கூட விழாது.

வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.29 கிராம், காரீயத்துக்கு 11.34. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் எடையும் கன அளவும் தெரிந்தாலே கலப்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

வேண்டியது: சமையலறை டிஜிட்டல் தராசு, சொம்பு முழுக்க முங்கும் பிளாஸ்டிக் வாளி, மெல்லிய நைலான் நூல். தராசு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1 கிராம் வரை காட்டும் தராசிலும் வேலை நடக்கும், ஆனால் 0.1 கிராம் காட்டி 3 கிலோ வரை தாங்கும் தராசு கிடைத்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன், காரணம் கணக்கு வரும்போது புரியும். அந்தத் தராசென்றால் சொம்பு முங்கும் அளவுக்குச் சின்ன வாளியாகப் பாருங்கள், தண்ணீர் எடையும் அந்த 3 கிலோவுக்குள் வர வேண்டும். முள் தராசு வேண்டவே வேண்டாம்.

முதலில் சொம்பை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். 612 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து வாளியில் தண்ணீர் விட்டுத் தராசின் மேல் வைத்து, தராசைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். சொம்பு முங்கும்போது தண்ணீர் வழியக்கூடாது, அந்த அளவுக்கு இடம் விட்டு நிரப்புங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராக இருந்தால் நல்லது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சின்னச் சின்னக் குமிழாகச் சொம்பில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால் ஒட்டும் குமிழ்கள் இன்னும் குறையும்.

இப்போது சொம்பின் கழுத்தில் நூலைக் கட்டி, கையால் பிடித்தபடி (ஸ்டூலுக்குக் குறுக்கே ஒரு கம்பு வைத்து அதில் கட்டினால் கை நடுங்கும் கவலை இல்லை) முழுக்க முங்கும்படி இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக்கூடாது. தராசு காட்டும் கிராம்தான் சொம்பு உலோகத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். நம்மூர் வெயிலில் தண்ணீரின் அடர்த்தி ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே, விட்டுவிடலாம்.

இங்கே நிதானம் வேண்டும். ஒரே சொம்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் சொம்பின் தோள்பட்டைக்குள் சிக்கிய காற்று. கழுத்து குறுகி வயிறு அகன்ற பாத்திரம் அது, சாய்த்து இறக்கினாலும் உள் வளைவில் ஒரு குமிழ் தங்கிவிடும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காற்றையும் தராசு கன அளவில் சேர்த்துவிடும், அடர்த்தி குறைவாக வரும், அதாவது கலப்படச் சொம்பு நல்ல சொம்பு மாதிரித் தெரியும். நம்முடைய 612 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் 84 காட்ட வேண்டும். 20 சதவீதம் காரீயம் இருந்தால் 78. நடுவில் இருப்பது 6 கிராம், ஒன்றேகால் டீஸ்பூன் காற்று உள்ளே மாட்டினால் போதும், 20 சதவீதக் கலப்படமும் மறைந்துபோகும். அதனால் தண்ணீருக்குள்ளேயே சொம்பை வாய் மேலே வரும்படி நிமிர்த்தி, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, விரலை விட்டு உள் வளைவைத் தடவிவிடுங்கள். கையை எடுத்த பிறகு, வாளியிலிருந்து தண்ணீர் ஏதும் வெளியே சிந்தவில்லை என்று பார்த்துவிட்டு எண்ணைக் குறியுங்கள். சிந்தியிருந்தால் சைபரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை ஒரே எண் வரும் வரை நான் நம்புவதில்லை.

சரி, கணக்கு. தண்ணீரில் வந்த எண்ணைச் சொம்பின் எடையால் வகுங்கள். வந்த விடையை 0.1372-லிருந்து கழித்து, மீதியை 0.049-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் காரீயத்தின் எடைச் சதவீதம். 78-ஐ 612-ஆல் வகுத்தால் 0.1275, கழித்தால் 0.0097, வகுத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 20. இந்த எடையுள்ள சொம்பில் 1 கிராம் பிசகினாலே விடை 3 சதவீதத்துக்கு மேல் மாறிவிடும், தராசைப் பற்றி முதலிலேயே அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் பலிக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வெள்ளீயமும் காரீயமும் தங்களுக்குள் சேர்மம் எதுவும் உண்டாக்குவதில்லை. உருகிய நிலையில் எந்த விகிதத்திலும் ஒன்றாகக் கலக்கும், ஆறி இறுகும்போது பிரிந்து தனித்தனி மணிகளாக நிற்கும். அதனால் கன அளவுகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். காரீயம் எல்லா உலோகத்திடமும் இப்படி நடந்துகொள்வதில்லை. மக்னீசியத்தோடு சேர்ந்தால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உடையக்கூடிய சேர்மமாகிவிடும், அங்கே அணுக்களின் அடுக்கே வேறு, நம் கணக்கு எடுபடாது. தங்கத்தோடும் சேர்மம் உண்டாக்கும், துளி காரீயம் பட்டாலே தங்கம் நொறுங்கும் என்பதால் ஆசாரிகள் அதைப் பட்டறையில் தங்கத்துக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். சில வகை இன்வெர்ட்டர் பேட்டரித் தகடுகளில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாகக் கால்சியம் சேர்க்கிறார்கள், அது மூன்று காரீயத்துக்கு ஒரு கால்சியம் என்று நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நின்று மெத்தென்ற காரீயத்தை விறைப்பாக்குகிறது. (பேட்டரி வேதியியலுக்கு நம் ஊரைவிட்டு வெளியே போகவே வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது.)

இதே காரணம்தான் ரசத்தில் ஆபத்தாகிறது. சேர்மமாகப் பிணைந்திருந்தால் காரீயம் ஓரளவாவது கட்டுண்டு கிடந்திருக்கும். திட வெள்ளீயத்துக்குள் காரீயம், கலவை உருக ஆரம்பிக்கும் 183 டிகிரியிலேயே இரண்டரை சதவீதம் போலத்தான் கரையும், அறை வெப்பத்தில் அதுவும் போய்விடும். மீதியெல்லாம் தனி மணிகளாகச் சொம்பின் உள்பரப்பில் புளித்தண்ணீரை நேராகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 'கொஞ்சம்தானே, வெள்ளீயத்தோடு கலந்து போயிருக்கும்' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

உருக்கிப் பார்க்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல், இரண்டும் கலந்தால் 183-லேயே உருக ஆரம்பித்துவிடும், சாலிடர் கம்பியில் பயன்படுவது இந்தக் குணம்தான். சோதனையாக இது சரி, வீட்டில் வேண்டாம். சொம்பும் கெடும், புகையும் நல்லதல்ல.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்தச் சொம்பில் சமைக்காதீர்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சைபர் பக்கத்தில் வந்தால் பெருங்கலப்படம் இல்லை என்று மட்டும் அர்த்தம், ஒன்றிரண்டு சதவீதத்தை வாளித் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. கடினமாக இருக்கட்டும் என்று ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்திருந்தாலும் குழப்பம்தான், அதன் அடர்த்தி 6.7, காரீயம் ஏற்றிய எடையை அது இறக்கிவிடும். அந்த நிலையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி உள்ள கடையில் கொடுத்து, காரீயமும் அதில் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அடுப்பில் ஏற்றும் சொம்பு இரண்டு சோதனையும் தாண்டியதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பின்சேர்க்கை: பித்தளை அண்டாவில் பூசிய ஈயத்தை இப்படிப் பார்க்க முடியுமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். முடியாது. பூச்சு மெல்லியது, தராசு பித்தளையைத்தான் அளக்கும். அதற்குக் காரீயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சிகள் விற்கின்றன. சிவந்தால் காரீயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், சிவக்காததை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். பூச்சுக்கு அடியிலும் கவனம் வேண்டும். வார்ப்புப் பித்தளையில் கடைசல் எளிதாக இருக்கக் காரீயம் சேர்ப்பது வழக்கம், செம்போடும் அது சேர்மமாகாது, சொட்டுச் சொட்டாகத் தனியே உட்கார்ந்திருக்கும். பூச்சு தேய்ந்தால் தாமதிக்காமல் பூசிவிடுங்கள், பூசுகிறவரிடம் வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இன்னொருவர், கலப்படம் என்று தெரிந்த சொம்பை உருக்கிப் புதிதாக வார்க்கலாமா என்று கேட்டார். உருக்கினால் காரீயம் வெளியே போகாது, இரண்டும் திரவத்தில் முழுசாகக் கலந்துவிடும், புதுச் சொம்பிலும் அதே சதவீதம் இருக்கும். அலமாரியில் அழகுக்கு வையுங்கள், அடியில் 'சமையலுக்கு அல்ல' என்று ஆணியால் கீறிவிடுங்கள்.