மரநார்ப் பலகையில் பசையின் இடத்தை எக்ஸ் கதிர் நுண்ணோக்கியால் கண்டறிதல்

எம்.டி.எஃப். (நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை) போன்ற மரநார்ப் பலகையின் உறுதி, கலந்த பசையின் அளவை மட்டுமன்றி, அந்தப் பசை நார்களின் சந்திப்பில் தங்கியதா, நாரின் உட்குழிக்குள் சென்று வீணானதா, செல்சுவருக்குள்ளேயே ஊடுருவியதா என்பதையும் பொறுத்தது. பலகையிலிருந்து எடுத்த சிறு துண்டை மேலும் பிளக்காமலேயே இதைக் காட்டும் ஆற்றல் எக்ஸ் கதிர் நுண்ணோக்கிக்கு உண்டு. ஆயினும் பசையும் மரமும் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான தனிமங்களால் ஆனவை என்பதால், படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும்.

ஆகவே பசையைத் தயாரிக்கும்போதே அயோடின் அல்லது புரோமின் போன்ற கனமான தனிமத்தை அதில் அடையாளமாகச் சேர்க்க வேண்டும். மரப் பலகைகளுக்குப் பயன்படும் ஒருவகைப் பசையான ஃபீனால் பார்மால்டிஹைடு பிசினில் இதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தினரும் செய்து காட்டியுள்ளனர். அடையாளத் தனிமம் பிசின் மூலக்கூறோடு வேதிப் பிணைப்பால் இணைந்திருக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. உப்பாக வெறுமனே கரைத்துவிட்டால், அது நீரோடு தனியே நகர்ந்து, பசை செல்லாத செல்சுவரிலும் பசை இருப்பதாகப் பொய் சொல்லும். இறுகிய பசைப் படலத்தை நீரில் ஊறவைத்து, எவ்வளவு தனிமம் கசிகிறது என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். அடையாளம் சேர்த்ததால் பசையின் பாகுநிலையும் இறுகும் வேகமும் மாறியிருந்தால், நீங்கள் ஆராய்வது தொழிற்சாலையின் பசையை அன்று.

மாதிரியின் அகலத்தைப் பிரிதிறனே தீர்மானிக்கிறது: 2,000 படப்புள்ளி அகலமுள்ள உணரியில் ஒரு புள்ளிக்கு 1 மைக்ரோமீட்டர் வேண்டுமானால், மாதிரி 2 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மரம் ஈரத்துக்கேற்பப் புடைத்துச் சுருங்குவதால், நறுக்கிய துண்டை அளவீட்டு அறையின் ஈரப்பதத்திலேயே போதிய நேரம் வைத்திருங்கள்; பல கோணங்களில் படமெடுக்க மாதிரியைச் சுழற்றும்போது அது சிறிதே இடம் பெயர்ந்தாலும் முப்பரிமாணப் படம் மங்கும்.

படத்தைப் பிரித்தறியும்போது, நாரின் விளிம்பில் எக்ஸ் கதிர் சற்றே விலகுவதால் (கட்டமாறுபாடு) தோன்றும் வெண்கோட்டைப் பசையெனக் கொள்ளாதீர்கள். அடையாளமிடாத பசையால் செய்த துண்டையும் அதே நிலைமைகளில் படமெடுத்து, அதை ஒப்பிட்டே, பசையையும் மரத்தையும் பிரிக்கும் சாம்பல் நிற அளவின் எல்லை மதிப்பை முடிவு செய்ய வேண்டும்.

செல்சுவருக்குள் புகுந்த பசையின் செறிவை அறிய இந்த முறை போதாது. அதற்கு மெல்லிய வெட்டுகளை எடுத்து, சிங்க்ரோட்ரான் ஒளிமூலத்தில் (வேகமாகச் சுழலும் எலக்ட்ரான்களிலிருந்து மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் நிலையம்), தூண்டப்பட்ட தனிமம் உமிழும் கதிரை அளக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வு நுண்ணோக்கியால் தனிமத்தை வரைபடமாக்க வேண்டும். புரோமினைத் தூண்டக் கதிரின் ஆற்றல் 13.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்ட வேண்டும்.