ஓடும் வண்டியில் ஒளிரும் திரை: வாகனச் செயலி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் விரைவுச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் இரண்டு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்றின் முழு நீளத்தைவிட அது அதிகம். அந்த இரண்டு நொடியும் ஓட்டுபவரின் கண் செல்பேசித் திரையில் இருந்தால், அவ்வளவு தூரத்தையும் அவர் குருட்டாம்போக்கில் ஓட்டியிருக்கிறார். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் கார் தயாரிப்பாளர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த இரண்டு நொடியைத்தான் எல்லையாக வைத்தது. திரையை நோக்கிய ஒரு பார்வை 2 நொடியைத் தாண்டக் கூடாது. ஒரு வேலைக்கான பார்வைகள் எல்லாம் சேர்ந்து 12 நொடிக்குள் அடங்க வேண்டும்.

வண்டியோடு இணைந்து இயங்கும் செயலிகளை உருவாக்குபவர்களில் பலருக்கு இந்தக் கணக்கு தெரிந்தே இருக்கும். ஆனாலும் குளிரூட்டிய அறையில், மேசை மேல் அசையாமல் கிடக்கும் செல்பேசியைப் பார்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். துறைமுக லாரி, ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி, மூடிய ரயில்வே கேட், மழைக்கு நிரம்பும் சுரங்கப்பாதை என எல்லாம் சில கிலோமீட்டருக்குள் வந்துவிடும் வட சென்னையில் அந்த வடிவமைப்பின் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது.

முதல் தவறு, செல்பேசிக்குச் செய்த செயலியை அப்படியே வண்டிக்குக் கொண்டுவருவது. செல்பேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ஆகியவற்றில் இந்த ஆசை பலிக்காது. அங்கே திரையை நம் விருப்பத்துக்கு வரைய முடியாது. அவர்கள் தரும் அச்சுகளுக்குள்தான் எழுத்தும் பொத்தானும் அடங்க வேண்டும். வடிவமைப்பாளர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நல்ல கடிவாளமாகத்தான் படுகிறது. ஆனால் தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் ஓடும் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் பழைய லாரியிலும் கார்பிளே ஏது? கைப்பிடியில் மாட்டிய செல்பேசிதான் அங்கே திரை. கடிவாளம் போட ஆள் இல்லாத இடம் என்பதால், செயலியைச் செய்பவரே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வண்டி நகரத் தொடங்கியதும் ஓர் அம்புக்குறி, மீதித் தூரம், அடுத்த திருப்பம் ஆகிய மூன்றும் போதும். தட்டச்சு, சலுகை அறிவிப்பு, நட்சத்திர மதிப்பீடு கேட்கும் பெட்டி எல்லாம் வண்டி நிற்கும்வரை காத்திருக்கட்டும்.

இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயம் அல்ல. 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைச் சாதனத்தை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம் என்கிறது.

நான் பார்த்தவற்றில் மிக மோசமான திரை, பொருள் விநியோகம் செய்பவருக்கு வரும் புதிய ஆர்டர் திரை. வட்டம் ஒன்று நொடி நொடியாகச் சுருங்குகிறது; அது முடிவதற்குள் தொடாவிட்டால் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். இடப்பக்கம் பஸ், வலப்பக்கம் தண்ணீர் லாரி, நடுவில் ஒரு கையை எடுத்துத் திரையைத் தொடுகிறார் ஓட்டுபவர். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்த வட்டத்தை வரைந்தவர்தான் அவருடைய கையை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க வைத்தார். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது செயலிக்கே தெரியும். ஆர்டரைப் பிடித்து வைத்திருந்து சிக்னலில் நின்ற பிறகு காட்டலாம், குரலில் கேட்டுக் குரலிலேயே பதில் வாங்கலாம்.

வேகத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் பூட்டிவிடுவது இதன் மறுகோடித் தவறு. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் இருப்பவரும் அதே வேகத்தில்தான் போகிறார். எரிச்சலில் அவர் 'நான் பயணி' என்ற பொத்தானைப் பழகிக்கொள்வார். ஓட்டுநரும் அதையே பழகிக்கொள்வார். அதைவிட, வண்டியின் புளூடூத்துடன் இணைந்திருக்கிற செல்பேசியை ஓட்டுநருடையதாக எடுத்துக்கொள்வது தேவலை.

அடுத்தது வரைபடத்தை நம்பும் விதம். பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 பழைய செல்பேசிகளைக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். செல்பேசிகள் நகரும் வேகத்தை வைத்து நெரிசலைக் கணிக்கும் கூகுள் மேப்ஸில், ஆள் நடமாட்டம் குறைந்த அந்தத் தெரு நெரிசலைக் காட்டும் சிவப்பாக மாறியது. நம் ஊரில் அதற்குக் கலைஞர் தேவையில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் சாலையோரமாக வரிசைகட்டி நிற்கும்போது, ஒவ்வொரு கேபினிலும் குறைந்தது ஒரு செல்பேசியாவது இருக்கும். எல்லாவற்றின் வேகமும் பூஜ்யம். மீதிச் சாலையில் இரு சக்கர வண்டிகள் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும் செயலி, ஸ்கூட்டர்காரரைத் தேவையில்லாமல் சந்துகளுக்குள் திருப்பிவிடும். ஒரே சாலையில் ஒரு கூட்டம் அசையாமலும் இன்னொரு கூட்டம் 35 கிலோமீட்டர் வேகத்திலும் இருந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அதே சந்துக்குள் லாரியை அனுப்புவது இன்னும் பெரிய வினை. ராயபுரத்தின் குறுகிய தெருவில் மாட்டிக்கொண்ட டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பதற்குள் அந்தப் பகுதியே நின்றுபோகும். வண்டியின் உயரமும் நீளமும் கேட்காமல் வழி சொல்லும் செயலி, லாரி ஓட்டுநர்களுக்கு ஏற்றது என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலைகள் இங்கே ஒன்றிரண்டு அல்ல.

பெருமழைக்குப் பிறகு வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது வட சென்னைக்குப் புதிதல்ல. பயனர்கள் தரும் தகவலை வைத்து அதைக் காட்டும்போது, எப்போது வந்த தகவல் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காலையில் வந்த எச்சரிக்கை மாலையிலும் அப்படியே நின்றால், அடுத்த மழைக்கு யாரும் அதை மதிக்க மாட்டார்கள். மேம்பாலம் பிரியும் இடத்தில் செல்பேசியின் ஜிபிஎஸ், வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைத் திட்டமாகப் பிரித்துச் சொல்லாது. பாலத்தில் ஏறிய பிறகு திருத்துவதைவிட, பிரியும் இடத்துக்கு முன்பே "பாலத்தில் ஏற வேண்டாம், இடப்பக்கம் போங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. குரல் வழிகாட்டியில் திசைகளை அடுக்காமல் தேரடி, கல்மண்டபம், மணிக்கூண்டு என்று ஊர்க்காரர் வழி சொல்வதைப் போலச் சொன்னால், யாரும் திரையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

விபத்தைத் தானாக உணரும் வசதி அருமையானது. அதன் அளவுகோல்தான் சிக்கல். 2022-இல் ஐபோன் 14 வந்த புதிதில், ரோலர் கோஸ்டர் ராட்டினத்தில் ஏறியவர்களின் செல்பேசிகள் விபத்து என்று நினைத்து அவசர எண்ணை அழைத்தன. கனரக லாரிகள் குதறிப்போட்ட மணலி பக்கத்துச் சாலையில் ஒவ்வொரு பள்ளமும் செயலிக்கு ஒரு விபத்துதான். அதிர்வை மட்டும் பார்க்காமல், அதிர்வுக்குப் பிறகு வண்டி அங்கேயே நின்றுவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். 112-க்கு அழைப்பு போவதற்கு முன், கையுறை போட்ட கையால் தொட்டாலும் நிறுத்தக்கூடிய பெரிய ரத்துப் பொத்தான் வேண்டும். சட்டென்று பிரேக் பிடித்தால் மதிப்பெண் குறைக்கும் செயலிகளையும் நான் ஏற்பதில்லை. குறுக்கே ஓடிவரும் குழந்தைக்காக பிரேக் பிடித்தவர் நல்ல ஓட்டுநர். அந்த மதிப்பெண்ணோடு சம்பளத்தையும் முடிச்சுப் போட்டால், பிரேக்கில் கால் வைக்க ஒரு கணம் யோசிப்பார்.

வெயிலையும் மழையையும் மறந்துவிடுவது சிறிய தவறாகத் தெரியும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. மே மாதச் சென்னை சர்வசாதாரணமாக அதைத் தாண்டும். வழிகாட்டியாக ஓடும்போது சூடு ஏறினால் அந்தச் செல்பேசி திரையை அணைத்துவிட்டுக் குரலில் வழி சொல்வதைத் தொடர்கிறது. மற்றவர்கள் காப்பியடிக்க வேண்டிய யோசனை அது. மழையில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தொடுதிரை, விரலையும் மழைத்துளியையும் பிரித்தறியாமல் திணறும். திரையைத் தொட்டால்தான் வழி தொடரும் என்றால், நவம்பரில் அந்தச் செயலி பாதி நேரம் செத்துக் கிடக்கும்.

கடைசியாக, வண்டிக்குள் செயலியை நுழைய விடும் கதவு. 2016-இல் நிசான் லீஃப் மின்காரின் செயலியில் ஒரு ஓட்டையை ட்ராய் ஹண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். காரின் அடையாள எண் தெரிந்தாலே போதும், இணையம் வழியாக அடுத்தவர் காரின் ஏசியை இயக்கலாம், போய்வந்த பயண விவரத்தைப் பார்க்கலாம். அந்த எண்ணோ முன்கண்ணாடி வழியாகவே தெரியும். நிசான் அந்தச் சேவையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஊரறிந்த ஓர் எண்ணைக் கடவுச்சொல்லாக எடுத்துக்கொண்ட பிழை இது. சேசிஸ் எண்ணும் பதிவெண்ணும் ஆர்சி புத்தகத்தில், காப்பீட்டுத் தாளில், மெக்கானிக்கின் நோட்டில் என்று எங்கும் கிடக்கின்றன.

வண்டி கைமாறும்போது இது இன்னும் மோசமாகும். பழைய வண்டிகள் விலைபோகும் வேகத்தில் ஆர்சி பெயர் மாற்றமே பின்தங்கிவிடுகிறது. செயலியில் பெயர் நீக்குவது யாருக்கு நினைவிருக்கும்? விற்றவரின் செல்பேசியில் வாங்கியவரின் வீட்டு வாசல் மாதக்கணக்கில் தெரிந்துகொண்டிருக்கும். எனவே இந்த வண்டியோடு இப்போது எந்தெந்தச் செல்பேசிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலை வண்டியின் திரையிலேயே காட்ட வேண்டும். சாவி கையில் இருப்பவர், பழைய உரிமையாளரின் அனுமதிக்காகக் காத்திராமல், அவற்றைத் துண்டிக்க முடிய வேண்டும்.