ஒரு சொல்லைப் பிடித்து இழுங்கள்: பிரிட்டன், அமெரிக்கப் பண்பாட்டுத் தாளைப் படிக்க ஒரு வழி

ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு ஏதாவது ஒரு பருவத்தில் இந்தத் தாள் வந்து உட்கார்ந்துவிடும், நம் ஊர்ப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் ‘இங்கிலாந்தின் சமூக வரலாறு’ என்ற பெயரில். உடனே எல்லோரும் ஒரு கைடு வாங்கி டியூடர், ஸ்டூவர்ட், விக்டோரியா என்று ஆட்சிக் காலங்களாக உருப்போட ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மதிப்பெண் வந்தது, ஆனால் லண்டன் பத்திரிகை ஒன்றைத் திறந்தால் பாதி புரியவில்லை.

அப்புறம் ஒரு கட்டுரையில் வசமாக மாட்டினேன். கதாநாயகன் ‘பப்ளிக் ஸ்கூலில்’ படித்தவன் என்று நாவலில் இருந்ததைப் பார்த்து, அரசுப் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்த ஏழைப் பையன் என்று இரண்டு பக்கம் உருகி எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘ஈட்டன்?’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லைத் தேடப் போனதில்தான் எனக்குப் படிக்கும் வழியே கிடைத்தது. இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பழைய தனியார் பள்ளி. அப்படிப்பட்ட பள்ளிகளில் ஒன்றான ஈட்டனில் இன்று ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டுக்கும் மேல். ஆனால் ஆறாம் ஹென்றி 1440இல் அதைத் தொடங்கியது 70 ஏழை மாணவர்களுக்கு இலவசக் கல்வி கொடுக்க. எந்த ஊர்ப் பிள்ளையும் பணம் கட்டிச் சேரலாம் என்ற பொருளில் ‘பப்ளிக்’ ஒட்டிக்கொண்டது, ஏழைகள் பின்னுக்குப் போய்விட்டார்கள். இதுவரை 20 பிரதமர்கள் அந்த ஒரே பள்ளியிலிருந்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வர்க்கப் பிரிவினை பற்றிக் கைடில் பத்துப் பக்கம் படித்தும் ஏறாத விஷயம் இந்த ஓர் எண்ணில் ஏறிவிட்டது.

இப்போது அதே சொல்லோடு அமெரிக்காவுக்குப் போங்கள். அங்கே பப்ளிக் ஸ்கூல் நிஜமாகவே அரசுப் பள்ளி. ஆனால் அதன் செலவில் ஒரு கணிசமான பங்கு அந்தந்த வட்டார வீடுகளின் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு விலை ஏறிய பகுதியில் பள்ளியும் செழிப்பாக இருக்கும். யார் எந்தப் பகுதியில் வீடு வாங்க முடிந்தது என்று கேட்டால் கேள்வி நேராக இனப் பாகுபாட்டில் போய் நிற்கும், அங்கிருந்து பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். இரு நாடுகளிலும் இருக்கிற, ஆனால் ஒரே மாதிரி இல்லாத சொல் அல்லது காட்சி எது கண்ணில் பட்டாலும் எழுதி, ஏன் இந்த வித்தியாசம் என்று பின்னாலேயே போங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். லிஃப்ட், எலிவேட்டர் மாதிரி வெறும் பெயர் மாற்றங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நல்ல இரை எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொன்று. அமெரிக்கப் படங்களில் போலீஸ் விலங்கு மாட்டும்போது ஒப்பிக்கிற வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம்: நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உனக்கே எதிராகத் திரும்பும். இது 1966இல் மிரண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்தது. அதன் வேர், 1791இல் சேர்ந்த ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தம். இங்கிலாந்துத் தொடரில் அதே கட்டத்தைக் கவனித்துக் கேளுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் இப்போது கேட்கும்போது சொல்லாத ஒன்றைப் பிறகு நீதிமன்றத்தில் காட்டி வாதாடினால் அது உங்களுக்குப் பாதகமாகலாம் என்று ஒரு வாலும் உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த வாலை ஒட்டியது. அமெரிக்காவில் இப்படி மாற்றுவது லேசில்லை, ஏனென்றால் அங்கே அந்த உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டனிலோ ஒரே புத்தகமாக எழுதிய அரசியல் சட்டம் கிடையாது, நாடாளுமன்றம் நினைத்தால் மாற்றலாம். ஒரு கைதுக் காட்சியில் இவ்வளவு இருக்கிறது.

சரி, எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று: இங்கிலாந்து வேறு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்த பிரிட்டன் வேறு. 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு சேர்ந்தபோதும் தன் சட்டத்தையும் திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே சொன்ன போலீஸ் வசனம்கூட இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும்: இங்கிலாந்து அணி என்று நாம் சொல்வதை நடத்துவது இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் வாரியம், உலகக் கோப்பைக் கால்பந்தில் இரண்டும் தனித்தனி அணி, ஒலிம்பிக்கில் எல்லோரும் ஒரே கொடி. ஸ்காட்லாந்துக்காரரை இங்கிலீஷ்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

விழாக்களையும் சாப்பாட்டையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம், அவற்றுக்கு இணையத்தில் குறைவே இல்லை. அந்த நேரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுங்கள். அவை கூடுகிற வாரங்களில் புதன்தோறும் பிரிட்டிஷ் பிரதமரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்பார்கள், நேரலையாகவே பார்க்கலாம். முதல் கேள்வி வழக்கமாக இன்றைய அலுவல்கள் என்ன என்கிற சடங்கு, அப்புறம்தான் சண்டை. எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள். மொழி படிக்கிறவர் கவனிக்க வேண்டியது, அங்கே ‘யூ’ என்றால் சபாநாயகர் மட்டுமே. எதிரில் இருப்பவரைத் திட்டுவதானாலும் ‘மாண்புமிகு உறுப்பினர்’ என்று படர்க்கையில்தான் திட்ட வேண்டும், பொய்யர் என்று சொல்லக் கூடாது. நம் சட்டமன்றத்து மாண்புமிகு எந்த வீட்டுச் சீதனம் என்று அப்போது தெரியும். முதல் தடவை சும்மா பாருங்கள், பிறகு ஹன்சார்டு என்ற அதிகாரபூர்வப் பதிவை இணையத்தில் திறந்து வரிவரியாக வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். வாஷிங்டனில் இப்படி ஒரு கூத்தைத் தேடாதீர்கள். அமெரிக்க அதிபர் காங்கிரஸ் என்ற அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினரே அல்ல, அங்கே உட்கார்ந்து யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வில் ‘பிரிட்டிஷார் மரபை மதிப்பவர்கள், அமெரிக்கர்கள் சுதந்திர விரும்பிகள்’ என்று ஆரம்பித்தால் திருத்துபவருக்குக் கொட்டாவி வரும், அதே வரியை அவர் அன்று நாற்பதாவது தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார். நோட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அதிலேயே தொடங்குங்கள், ஆண்டு, சட்டம் எல்லாம் அதன் பின்னால் தானாக வரும். ஆண்டுகள் பத்தோ பன்னிரண்டோ நினைவில் இருந்தால் தாராளம்.

கேள்வி நேரம் லண்டனில் மதியம் 12 மணிக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் அது மாலை 5.30, ஆனால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் 4.30க்கே தொடங்கிவிடும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் நாடாளுமன்றத்தின் வெறும் பச்சை பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.