தீவுக்குப் போனால் சல்சா ஆட இடம் தேடுவது எப்படி?

கொண்டுவிற்கப் போன நம் செட்டிநாட்டு நகரத்தார் பினாங்கிலோ ரங்கூனிலோ கப்பலைவிட்டு இறங்கியதும் முதலில் தங்கள் சமூகத்தாரின் பொது விடுதியான கிட்டங்கி எங்கே என்றுதான் விசாரித்தார்கள்; தங்க இடமும், ஊர் நிலவரமும், யாரை நம்பலாம் என்ற விவரமும் அங்கேயே கிடைத்தன. கரீபியத் தீவு ஒன்றில் சல்சா ஆட இடம் தேடுகிறவருக்கு உள்ளூர் நடன வகுப்புதான் கிட்டங்கி. ஆகவே போய்ச் சேர்ந்த முதல் நாளே ஒரு மணி நேர வகுப்பில் சேர்ந்துகொண்டு, அன்று இரவு எங்கே ஆட்டம் நடக்கிறது என்று ஆசிரியரிடமும் உடன் கற்பவர்களிடமும் கேளுங்கள். எந்தக் கிழமை எந்த இடம் என்பது அடிக்கடி மாறுவதால், விடுதி வரவேற்பறையில் வைத்திருக்கும் பழைய விளம்பரத்தாளைவிட அவர்களுடைய வாட்ஸ்அப் குழு நம்பகமானது.

எந்தத் தீவு என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். கியூபாவின் ஹவானாவில் ஆடுவது ‘கசினோ’ முறை. இணைகள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வருவார்கள். பல இணைகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்கக் கொடுக்கத் துணையை மாற்றிக்கொள்ளும் ‘ருவேடா’வும் அங்கே பிறந்ததுதான். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகரும் முறையே அதிகம். இரண்டிலும் இசையை ஒன்று முதல் எட்டு வரை எண்ணித்தான் அடி வைப்பார்கள். பொதுவாக 4, 8 இரண்டிலும் புதிய அடி வைப்பதில்லை. அடிப்படை கைவந்தவர் எங்கும் ஆடலாம்.

சான் ஹுவானில் சந்தூர்சே பகுதியின் ‘லா பிளாசிட்டா’ பகலில் காய்கறிச் சந்தை. வார இறுதி இரவுகளில் அதைச் சுற்றியுள்ள தெருவே ஆடுகளமாகிவிடும். பழைய நகரத்தின் ‘லா ஃபேக்டோரியா’, நம் வீடுகளில் கட்டுக்குப் பின் கட்டு வருவதுபோல, ஓர் அறைக்குள்ளிருந்து அடுத்த அறைக்குப் போகும் மதுக்கூடம். வாசலோடு திரும்பிவிட்டால் உள்ளே நடக்கும் ஆட்டம் தெரியாது. ஹவானாவில் ‘காசா தே லா மூசிக்கா’ அரங்குகளில் பெரிய இசைக்குழுக்களை நேரில் கேட்கலாம். ஆனால் நெரிசல் மிகுதி. ஆடுவதே நோக்கமென்றால், மலேக்கோன் கடற்கரைச் சாலையின் மேற்குக் கோடியில் உள்ள ‘1830’ உணவகத்தின் திறந்தவெளிக் களத்தை நான் சொல்வேன்.

இடத்தைப் பார்த்ததும் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டியது தரையைத்தான். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் வீட்டு வளவில் பயிற்சி செய்து பழகிய எனக்கு, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வழவழப்பேறிய அந்தத் தரையில் கால் தானாகத் திரும்பும். தீவின் தெருக்களில் இருப்பதோ சொரசொரப்பான சிமெண்டும் கல்பாவிய தளமும். அங்கே செருப்பு தரையைப் பிடித்துக்கொள்ள, உடல் மட்டும் சுழலும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் தேய்ந்த வழுவழுப்பான அடிப்பாகமுள்ள காலணியை அணிந்து, சுழற்சிகளைக் குறைத்து, சிறு அடிகளாக வையுங்கள். மெல்லிய தோல் அடிப்பாகமுள்ள நடனக் காலணியை உள்ளரங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் அது கெட்டுவிடும், தீவில் மழை சொல்லிக்கொண்டு வராது. வியர்வையும் கொட்டும்; மாற்றுச் சட்டை இரண்டும் ஒரு துண்டும் கட்டாயம் வேண்டும்.

கூட்டம் நள்ளிரவை நெருங்கும்போதுதான் சேரும். புதியவர் முன்னதாகவே போய்விட்டால் கால் வைக்க இடமும், பொறுமையாக ஆடும் துணையும் கிடைக்கும். கையை நீட்டி ‘பைலாமோஸ்?’ (ஆடலாமா?) என்று கேட்டால் போதும். ஆணும் அழைக்கலாம், பெண்ணும் அழைக்கலாம். மறுத்தால் புன்னகையோடு விலகிவிட வேண்டும். தனியாகச் செல்லும் பெண்கள் வகுப்பில் பழகியவர்களோடு சேர்ந்து போவதும், திரும்பிவர வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது.