உரிமம் கேட்கப்படாத கட்டடத் தொழில்களில் திறன் சான்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்வேலைக்கும் குழாய்ப்பணிக்கும் உரிமம் கேட்கும் நாடுகள் பலவற்றில், டைல்ஸ் பதிக்கவும் சுவர் பூசவும் பெயிண்ட் அடிக்கவும் எந்த உரிமமும் கேட்பதில்லை. கரணையைக் கையில் எடுத்தவர் எவரும் அன்றே தொழிலாளி ஆகிவிடலாம். இதனால் இருபது ஆண்டுகள் உழைத்துப் பழகிய கையும் நேற்று வந்த கையும் வேலை கொடுப்பவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன; கூலியும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகிறது. அந்த வேறுபாட்டை எழுத்தில் நிலைநாட்டத்தான் திறன் அங்கீகாரமும், அதாவது வேலையில் பழகிய திறனை மதிப்பீட்டாளர் ஒருவர் சோதித்துச் சான்று தருவதும், தொழில் தரநெறிகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நாடிச் செல்பவர்களில் பலர், கையில் நல்ல தொழில் இருந்தும், எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் சான்று கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

எல்லாத் தவறுகளுக்கும் வேர், உரிமம் கேட்காத தொழிலுக்கு விதியும் கிடையாது என்ற எண்ணம். கட்டட விதிகளும் பாதுகாப்புச் சட்டங்களும் ஒப்பந்தமும் உரிமம் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகின்றன. பொருளை உற்பத்தி செய்தவர் தரும் செய்முறைக் குறிப்பும் அப்படித்தான். அதை மீறினால் பொருளுக்கான உத்தரவாதமே போய்விடக்கூடும். டைல்ஸ் ஒட்டும் பசைக்கே ஐ.எஸ்.ஓ. 13007 என்ற பன்னாட்டுத் தரநெறி இருக்கிறது. மூட்டையின் மேல் சி1 என்று இருந்தால் சாதாரண ஒட்டுதிறன் கொண்ட சிமெண்ட் பசை என்றும், சி2 என்றால் மேம்பட்ட ஒட்டுதிறன் கொண்டது என்றும் பொருள். ஆண்டுக்கணக்கில் இந்த மூட்டைகளைப் பிரித்துக் கலக்கியவர்களிலும் அந்த எழுத்தைப் படித்துப் பார்க்காதவர்கள் உண்டு.

அடுத்த தவறு, ஆண்டுக்கணக்கையே சான்றாக நீட்டுவது. இருபது ஆண்டுகளும் ஒரே வகை அறையில் ஒரே வேலையைச் செய்தவருக்கு, மதிப்பீட்டாளர் பட்டியலில் உள்ள வேலைகளில் பாதி பழக்கமில்லாமல் இருக்கலாம். எத்தனை ஆண்டுகள் என்பதைவிட, எந்தெந்த வேலைகளை எந்தெந்தச் சூழலில் தனித்துச் செய்து முடித்தார் என்பதே அங்கே பார்க்கப்படுகிறது.

அதற்காகக் கொண்டுபோகும் புகைப்படங்களில்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. ஏறத்தாழ எல்லோரும் முடிந்த வேலையின் பளபளப்பைப் படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள். தொழிலின் தரமோ அந்தப் பளபளப்புக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. ஒரு குளியலறைத் தரையை எடுத்துக்கொள்வோம். டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை பசை வைத்து அழுத்தினாலும் அது மட்டமாக உட்காரும். படத்தில் அழகாகவும் இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் உருண்டைகளுக்கு இடையில் பொள்ளல் ஓசை கேட்கும், அந்த வெற்றிடங்களில் நாளடைவில் நீர் தங்கும், கனமான பொருள் ஒன்று விழுந்தால் மூலை சில்லாகப் பெயரும். உலர்ந்த இடங்களில் அடிப்பரப்பின் 80 விழுக்காடும் ஈரம் படும் இடங்களில் 95 விழுக்காடும் பசை பற்றியிருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநெறி கூறுவது இதனால்தான். ஆகவே, பசை காயுமுன் ஒரு டைல்ஸைப் பெயர்த்துத் திருப்பி, பின்புறம் முழுவதும் பசை பிடித்திருப்பதைப் படமெடுத்து வைத்தால், அந்த ஒரு படம் முடிந்த வேலையின் ஐம்பது படங்களுக்கு மேலாக மதிக்கப்படும். வடிகாலை நோக்கிய வாட்டம், மூலைகளில் நீர்க்காப்புப் பூச்சு ஏறியிருக்கும் உயரம், வடிகாலை அடைத்து நீர் நிரப்பி 24 மணி நேரம் கழித்துக் குறியிட்ட மட்டத்தைச் சரிபார்த்த காட்சி ஆகியவற்றையும் தேதியுடன் சேர்த்து வைக்க வேண்டும். மூடிய பிறகு இவற்றை உடைக்காமல் எவராலும் காட்ட முடியாது.

செய்முறைத் தேர்வில் நன்றாகச் செய்தவர்களும் வாய்மொழிக் கேள்வியில் தடுமாறுவதுண்டு. “புதுப் பூச்சின்மேல் உடனே பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால், “அடிக்கக் கூடாது” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பூச்சில் எஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி பெயிண்டைக் கொப்பளிக்க வைக்கும், சிமெண்டின் காரத்தன்மை நிறத்தை வெளிறச் செய்யும், உப்புப் பூக்கும் என்று அவர்கள் கண்ணால் கண்டதையே சொன்னால் போதும். கை அறிந்ததை வாயால் சொல்லிப் பழகாமல் போவது தவறுதான்; என்றாலும் இதில் மதிப்பிடுவோரின் பங்கே பெரியது என்பது என் கருத்து. பூச்சு வேலையைச் சோதிக்க எழுத்துத் தேர்வு வைத்து, அதையும் வேலை செய்பவருக்குப் பழக்கமில்லாத மொழியில் வைத்தால், அங்கே அளக்கப்படுவது எழுத்தறிவே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2004-இல் ஏற்ற 195-ஆம் பரிந்துரை, முறையாகப் படித்துப் பெற்றதாயினும் வேலையில் பழகிப் பெற்றதாயினும், எந்த நாட்டில் பெற்றதாயினும், திறன் மதிப்பிடப்பட்டு அங்கீகரிக்கப்பட வேண்டும் என்கிறது; அந்த மதிப்பீடு நடுநிலையாகவும் பாகுபாடின்றியும் தரநெறிகளோடு இணைந்தும் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. வாய்மொழியாகப் பதில் சொல்லவோ மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளவோ அனுமதி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சான்றிதழ்களையும் பிரித்தறிய வேண்டும். ஒரு பசை நிறுவனம் நடத்திய ஒருநாள் பயிற்சியின் தாள் வருகைக்குச் சான்று. திறனுக்குச் சான்று ஆகாது. அதைக் காட்டித் தம்மை “உரிமம் பெற்றவர்” என்று விளம்பரம் செய்வது பொய்யுரை, பல இடங்களில் சட்டப்படி குற்றமும்கூட. அதேபோல், டைல்ஸ் பதிக்க வந்தவர், வேலை கொடுத்தவர் கேட்டுக்கொண்டதற்காகக் குழாயை இடம் மாற்றுவதும், பூச்சு வேலைக்கு வந்தவர் மின்பெட்டியைக் கழற்றுவதும், சுமை தாங்கும் சுவரா என்று உறுதி செய்யாமல் சுவரில் திறப்பு வெட்டுவதும் தம் தொழிலின் எல்லையைத் தாண்டுவதாகும்.

பாதுகாப்பைத் திறனிலிருந்து பிரித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர் விடாமல் டைல்ஸையோ கல்லையோ இயந்திரத்தால் வெட்டும்போது எழும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது; பணியிடத்தில் சுவாசிக்கப்படும் அதனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டுபவர் எவ்வளவு நேராக வெட்டினாலும் தரமான தொழிலாளி என்று என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் அந்தத் தூசி அவருடைய நுரையீரலுக்கும் அருகில் சாந்து குழைக்கும் உதவியாளரின் நுரையீரலுக்கும் செல்கிறது.

இன்னொரு தவறு வேலை தொடங்கும் நேரத்திலேயே நடக்கிறது. முன்னவர் விட்டுச்சென்ற தளம் கோணலாகவோ ஓதமாகவோ இருப்பதைப் பார்த்தும், சொன்னால் வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று பேசாமல் தொடங்கிவிடுகிறார்கள். தொடங்கியவரே தளத்தை ஏற்றுக்கொண்டவர் என்று கருதப்படுவதால், பின்னால் பெயரும் ஒவ்வொரு டைல்ஸுக்கும் அவரே பதில் சொல்ல நேர்கிறது. 2 மீட்டர் நேர்கட்டையைத் தளத்தின்மேல் பல திசைகளிலும் வைத்து அளக்க ஐந்து நிமிடம் ஆகாது. தேதி, இடம், கட்டைக்கு அடியில் கண்ட இடைவெளி, ஓதத்தின் நிலை, சரிசெய்யச் சொல்லியும் அப்படியே தொடரச் சொன்னவரின் கையொப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் வாங்கிவிட வேண்டும். தகராறு எழுந்தால் அந்தத் தாள் துணைநிற்கும். மதிப்பீட்டுக்குப் போகும் நாளில், தளத்தைச் சோதிக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதையே சான்றுக் கோப்பில் முதல் தாளாகவும் வைக்கலாம்.